இடது டெயில் லைட்டில் ஈரம்

இதை எழுதினால் கடைக்கு வரும் வண்டிகள் குறைந்துவிடும் என்று என் மனைவி லவினா பயப்படுகிறாள். குறையட்டும். நடந்தது நடந்ததுதான். சிவாஜிநகரில், கறிக்கடைகளுக்கு அடுத்த தெருவில், கார்களுக்கு விளக்கும் வயரிங்கும் பார்க்கும் கடை எனக்கு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். போன ஆகஸ்ட் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் என் அக்கா லீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷ மழைக்காலத்தில் அவள் காணாமல் போனாள். யாருடனோ ஓடிவிட்டாள் என்றார் அவள் புருஷன் லாயிட். போலீசிடம் சொன்னார், பிரேசர் டவுன் முழுக்கச் சொன்னார். அம்மா வெட்கப்பட்டு சர்ச்சுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். நான் ஒரு நாளும் நம்பவில்லை. அக்கா எங்கே என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த லாயிட் தன் காரை என் கடைக்கே ஓட்டி வந்தார். மச்சான் கடையில் வேலை ஓசியில் முடிந்துவிடும் அல்லவா. கொழுப்பைப் பாருங்கள்.

"இடது டெயில் லைட்டுல தண்ணி கோத்துக்குது கிஷோர். மூணு எடத்துல காட்டிட்டேன், நிக்கல. வண்டி வாங்கறவன் நாளைக்கு வர்றான். சாயங்காலத்துக்குள்ள முடிச்சு வை."

"அக்கா சேதி ஏதாச்சும்?"

"ஓடிப்போனவ சேதி சொல்வாளா?" சாவியை மேஜையில் வீசிவிட்டுப் போனார்.

விளக்கைக் கழற்றினேன். மழைக்காலத்தில் இது சாதாரண வேலை. ஓரத்து ரப்பர் எங்கேயாவது விட்டிருக்கும். ஈரம் புகுந்து உள்பக்கம் பனி பிடிக்கும். பல்ப் ஹோல்டரை உருவியதும் ஒரு வாசனை வந்தது... கிராம்பு. அக்காவுக்குக் கடைவாயில் சொத்தைப் பல். எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பாள்.

பிரமை என்று தள்ளிவிட்டு, சூடான காற்றை அடித்து உலர்த்தினேன். விளக்கு பளிச்சென்று ஆனது. ஓரம் முழுக்க சிலிகான் போட்டு மேஜையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

உள்ளே பனி பிடித்தது. வாய் அளவுக்கு ஒரு வட்டம். மறைந்தது. மறுபடி பிடித்தது. மறைந்தது... உள்ளே யாரோ மூச்சு விடுவது போல.

டிக்கியைத் திறந்தேன். விளக்கு உட்காரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். க்ளிப்புகள் உடைந்திருந்தன. பின்னால் வந்த வண்டி இடித்து உடைந்தவை இல்லை. டிக்கிக்குள் இருந்து வெளிப்பக்கமாகத் தள்ளியதில் உடைந்தவை. இடுக்கில் ஏதோ ஒட்டியிருந்தது. ஒடிந்த நகம். கருஞ்சிவப்பு பாலிஷ்.

அக்காவுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இதே கடையில், டீ குடித்தபடி, விளையாட்டாக. "உன்ன எவனாச்சும் டிக்கியில போட்டு அடைச்சா டெயில் லைட்ட தள்ளு, கைய வெளிய நீட்டு." அவள் அதை மறக்கவில்லை. கடை மூலையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவி, விளக்கைத் திரும்ப மாட்டினேன். அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு லாயிட் வந்தார். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?"

"க்ளிப் ஒடஞ்சிருக்கு மாமா. டிக்கி உள்ளேர்ந்து யாரோ தள்ளியிருக்காங்க. நீங்களே பாருங்க."

அவர் முகம் வெளுத்தது. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு டிக்கிக்குள் குனிந்தார். நான் கடைப் படியில் நின்றேன். வண்டியில் இருந்து பத்தடி தள்ளி.

இடது விளக்கு முழுக்கப் பனி படர்ந்தது.

லாயிட்டின் கால்கள் தரையை விட்டு எழும்பின. அவராக ஏறவில்லை...

டப்.

மூடி விழுந்தது.

டொக்... டொக்... டொக்...

"கிஷோர், தொறடா."

ஓடிப்போய்ச் சாவியைப் போட்டேன். திரும்பவில்லை.

"மூச்சு முட்டுதுடா..."

"அக்கா எங்க?"

"தொற..."

"அக்கா எங்க மாமா?"

"பயமுறுத்தத்தான் பூட்டினேன். ஒரு ராத்திரிதான்டா வெச்சேன்... காலையில பாத்தா... வீட்டு சம்ப்புல..."

இரண்டு கையாலும் சாவியைத் திருகினேன். சத்தியமாகத் திருகினேன்.

டொக்... டொக்...

டொக்...

விளக்கில் பனி விலகியது.

சாவி தானாகத் திரும்பியது.

எதிர்க்கடை கேமரா இல்லாவிட்டால் நான் இன்றைக்கு ஜெயிலில் இருப்பேன். மூடி விழும்போது நான் படியில் நிற்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. விழுந்ததற்கும் திறந்ததற்கும் நடுவே ஒன்பது நிமிடம். உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஆள் காற்றில்லாமல் ஒரு ராத்திரி முழுக்க அடைபட்டுக் கிடந்திருக்கிறார் என்றாராம். பத்து விரலிலும் நகம் இல்லை.

லாயிட் வீட்டு முற்றத்தில், தரைக்கடியில் இருந்த சம்ப்பை, அந்தத் தண்ணீர்த் தொட்டியை, மூடிப் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தார்கள். அதை உடைத்தபோது அக்கா கிடைத்தாள். அம்மா தன் கையால் மண் போட்டாள். இப்போது ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறாள்.

போன வாரம் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மொட்டை வெயில். மழை பெய்து இரண்டு மாதமாகிறது. மதில் ஓரம் அந்தக் கார் நின்றது. இடது விளக்கு காய்ந்து பளிச்சென்று இருந்தது.

வலது விளக்கில் ஒரு வட்டம்.

பிடித்தது... மறைந்தது... பிடித்தது...

கூட வந்த கான்ஸ்டபிள் நாகேஷ் குனிந்து பார்த்தார். "இதுல எப்படி சார் ஈரம் பூந்துச்சு? உங்க லைன்தானே, சரி பண்ணலாமா?"

"வேணாம் சார். அப்படியே இருக்கட்டும்."