குட்டிப் பாதிரியின் மடி

எனக்குக் காது குத்தியது ஒரு வெள்ளைக்காரர் மடியில் வைத்துத்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை, கதை விடுகிறேன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். காதும் என்னுடையது, பட்ட வலியும் என்னுடையது.

அப்போது சிங்கப்பூருக்கு வடக்கே பாலோ என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயதாகியும் காது மூளியாகவே கிடந்தது. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். ஊரிலிருந்த என் மாமன் கப்பலேறி வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் அம்மை கண்டு போய்விட்டார் என்ற சேதிதான் கப்பலில் வந்தது. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் வேறு யாருமில்லை. லயத்துப் பிள்ளைகள் என்னை ‘மூளிக்காதி’ என்று கேலி செய்யும். நான் அழுதுகொண்டு வந்து சொன்னால் அம்மா என்னைவிடப் பெரிதாக அழுவாள். கேலி செய்தது என்னைத்தானே, இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்காது.

அந்தச் சமயத்தில்தான் குட்டிப் பாதிரி வந்தார். பெரிய பாதிரி சிங்கப்பூரில் இருந்தார். இவர் வயதில் சின்னவர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, அதனால் குட்டி. பாலோவில் ஒரு பலகை வீட்டில் தனியாக இருந்துகொண்டு செம்மண் பாதையில் சைக்கிள் மிதித்து வருவார். வந்ததும் முதல் வேலையாகக் காலில் ஏறிய அட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவுவார். பிறகு எங்கள் புண்ணுக்கு மருந்து போடுவார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவார். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகை ஒன்று பழசாகிக் கிடந்தது, ஞாயிற்றுக்கிழமை அதில் ஜெபம் வைப்பார். அதற்குக் காது கேட்காத ஒரு தாத்தா தவறாமல் வருவார், அவர் பின்னாலேயே அவருடைய நாயும் வரும். மற்றபடி ஈ காக்கை கிடையாது. தன் சட்டையைத் தானே துவைக்கும் இந்த மனிதர் துரைதானா, இல்லையா என்ற சந்தேகம் லயத்தில் யாருக்கும் கடைசி வரை தீரவில்லை.

ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து எங்கள் வீட்டு வாசலிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். காய்ச்சல் விடும்வரை அம்மாதான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். எழுந்து உட்கார்ந்தவர் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். லயத்து இளவட்டங்கள் எல்லாம் அவளை அப்படித்தான் கூப்பிடும். இவர் கூப்பிட்டபோது மட்டும் அம்மா மனதுக்குள் ஏதோ முடிவு செய்துவிட்டாள்.

ஆசாரியை வரவழைத்தாள். அன்றைக்கு மருந்துப் பெட்டியோடு வந்த குட்டிப் பாதிரிக்கு மணையை எடுத்துப் போட்டாள்.

“தம்பி, இப்படி உக்காருங்க. பிள்ளைய மடியில வச்சிக்கிங்க.”

பயந்த பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, உடனே உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “தாய்மாமன் உக்கார்ற எடம் இது. உக்காந்தா நீங்க மாமன் ஆயிருவீங்க. யோசிச்சிக்கிங்க” என்றார். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமன் போட வேண்டிய தோட்டை அப்பாவே வாங்கி அவர் கையில் கொடுத்து, அவர் கொடுப்பதாக நாங்கள் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஆசாரி குத்தினார். நான் போட்ட கூச்சலில் தாத்தாவுக்கே காது கேட்டிருக்கும்.

அதன் பிறகு எனக்கு ஒரே குழப்பம். சோளக்குஞ்சம் மாதிரித் தலைமுடி உள்ளவர் எப்படி மாமனாவார்? கங்காணி மனைவி வேறு, “அலமாக்! அடி ஆத்தீ! மாமன்னா ஒன்னயக் கட்டிக்கிற மொறையாச்சேடி!” என்று கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கு ரொட்டி சுடத் தெரியாதே என்று நிஜமாகவே கவலைப்பட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வாடிய முகத்தோடு வந்தார். “பெரியவர் ஞாயித்துக்கெழம வாராருக்கா. கொட்டகையில ஆள் இல்லன்னா என்னைய இங்கருந்து மாத்திருவாங்க.”

“எந்தம்பிக்கு ஆள் இல்லன்னு எவன் சொல்றது?” என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லயமே திரண்டது. தம்பி வீட்டு விசேஷத்துக்கு அக்கா வெறுங்கையோடா போவாள்? தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ என்று வரிசைத் தட்டு எடுத்து, முன்னால் தப்பும் அடித்துக்கொண்டு போனோம். கொட்டகை வாசலில் பெரிய பாதிரிக்குப் பக்கத்தில் நின்ற தம்பியை நிறுத்தி, அம்மா ஆலத்தி சுற்றி, அந்தச் சிவப்புத் தண்ணீரைத் தொட்டு அவர் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டாள்.

பெரிய பாதிரியின் முகம் ஆலத்தித் தண்ணீரைவிடச் சிவந்துபோனது. அவர் திருநெல்வேலிப் பக்கம் இருந்தவராம், தமிழ் நன்றாகப் பேசுவார். “முதலில் அதைத் துடையும்” என்றார். குட்டிப் பாதிரி கைக்குட்டையை எடுத்தார், அம்மாவைப் பார்த்தார், திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.

“இவர்கள் எல்லாரும் நம் வேதத்தில் சேர வந்தவர்களா?”

ஆமாம் என்று சொன்னால் போதும், குட்டிப் பாதிரி எங்களோடேயே இருந்திருப்பார். சொல்லுங்க சொல்லுங்க என்று அம்மா கண்ணாலேயே ஜாடை காட்டினாள்.

“இல்லைங்க ஐயா. எனக்காக வந்திருக்காங்க. இவங்க எங்க அக்கா.” அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இது அக்கா மக.”

அந்த மடி எனக்கு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தெரியும். மறுபடியும் குத்தப்போகிறார்கள் என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொட்டகை அதிர அலறினேன். பெரிய பாதிரி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரமே குட்டிப் பாதிரிக்கு மாற்றல் வந்தது. இவ்வளவு ஆள் திரண்டும் ஏன் அனுப்புகிறார்கள் என்று லயம் முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது. எனக்கு மட்டும் காரணம் தெரியும். நான் அலறியதால்தான் அனுப்புகிறார்கள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பாலோ ஸ்டேஷனில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தகரப் பெட்டியோடு ரயிலேறிய குட்டிப் பாதிரியும் ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் தோட்டைத் தொட்டுத் தொட்டு அழுதார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். “கல்நெஞ்சுக்காரி! மாமன் போறாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு” என்று அம்மா என் முதுகில் ஓர் அடி வைத்தாள். அப்போதும் நான் அழவில்லை. ரயில் நகரும்வரை அழாமல் இருந்துவிட்டால் அவரை இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.