அம்மாவின் தாடை

புதன்கிழமை மாலை ஆறரைக்கு நானும் அம்மாவும் மீன் சுட்டோம். சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

ஒன்றேகால் கிலோ விரால். முதுகெலும்பை ஒட்டிக் கத்தியைப் படுக்கவைத்து ஒரே இழுப்பில் சதையைப் பிரித்தாள் அம்மா. தோலை உரித்தாள். விரல் நுனியால் தடவித் தடவி மிச்சமிருந்த முள்ளைப் பிடுங்கினாள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சைச் சாறு, இரண்டு கரண்டி நல்லெண்ணெய். நான் பிசறினேன். இருபது நிமிடம் ஊறியது.

ஓவன் நான் வாங்கியது. இருநூறு டிகிரியில் வைத்தால் உள்ளே 178தான் வரும். சென்சார் வைத்துப் பார்த்துவிட்டு 220க்கு நேராக மார்க்கரால் கோடு போட்டிருந்தேன். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் மின் பராமரிப்பு என் வேலை. அளக்காமல் எதையும் நம்ப மாட்டேன்.

பதினான்கு நிமிடமும் கண்ணாடி முன்னால் நின்றேன்.

"மீனுக்குக் காய்ச்சலாய்யா? இப்பிடி டிகிரி பாத்துக்கிட்டு நிக்க" என்றாள் அம்மா.

குழம்பு வைப்பது அவளுக்கு இதைவிடச் சுலபம். ஆனால் அவள் வாய் இருபத்திரண்டு மில்லிமீட்டருக்கு மேல் திறக்காது. நல்ல வாய் நாற்பது திறக்கும். வெர்னியரில் அளந்திருக்கிறேன். முள்ளை நாக்கால் ஒதுக்க வராது. பொரித்தால் மேல்பகுதி முறுகிவிடும், கடிக்க முடியாது. ஓவனில் வைத்தால் விரலால் அழுத்தியதும் இதழ் இதழாகப் பிரியும். மில் விட்டு வந்து முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு. வாரம் இரண்டு நாள் அதுதான்.

அம்மா பெயர் சந்தனம்மாள். பிறந்தது பரளச்சிப் பக்கம். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதன்பிறகு கண்மாய்க் குத்தகைக்காரர்களிடம் மீன் எடுத்து, அலுமினியக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்றாள். கூவி விற்கும் பெண்களில் அவள் குரல்தான் பெரிது. அந்தக் குரலில்தான் என்னைப் பாலிடெக்னிக் வரை படிக்கவைத்தாள். தாடை போனபிறகு கூவ முடியவில்லை. எம்.ரெட்டியபட்டியில் ஒரு மீன் கடையில் உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுத்தாள்.

தாடையை உடைத்தவர் அவளுடைய தம்பி, என் மாமா இருளப்பசாமி.

எங்கள் பக்கம் தண்ணீர் வற்றும்போது கண்மாயை அழிப்பார்கள், அதாவது இருக்கிற மீன் முழுவதையும் பிடித்துவிடுவார்கள். குத்தகைக்காரர் பிடித்தது போக மிச்ச மீன் ஊருக்கு. எல்லோரும் கூடையும் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற ஊத்தாவுமாகக் கரையில் நிற்பார்கள். காவல் சாமிக்குப் பூசை முடிந்ததும் ஊர் சார்பாக ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். வீசும் முன்னால் யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் அடுத்த வருடம் கண்மாய் பெருகாது என்பார்கள்.

அந்த வருடம் துண்டு வீசும் பொறுப்பு மாமாவுடையது. பூசை நடந்துகொண்டிருந்தது. வெயில் தாங்காமல் தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். முன்வரிசையில் நின்ற அம்மா துண்டு வீசியாயிற்று என்று நினைத்துத் தண்ணீருக்குள் ஓடினாள். அவள் பின்னால் ஐந்நூறு பேர். கால் மணி நேரத்தில் கண்மாய் வெறும் சேறு. பூசாரி தேங்காயைக்கூட உடைக்கவில்லை.

ஊர் மாமாவைக் கேட்டது. தான் துண்டை உதறியதாக அவர் சொல்லவில்லை. நேராகச் சேற்றில் இறங்கி, அம்மா கையிலிருந்த ஊத்தாவைப் பிடுங்கினார். இரும்புக் கம்பியை வளைத்துக் கட்டிய கூம்புக்கூடு அது, நாலு கிலோ இருக்கும். இரண்டு கையாலும் சுழற்றி அவள் முகத்தில் அடித்தார். விழுந்தவளின் பிடரியில் காலை வைத்துச் சேற்றுக்குள் அழுத்தினார். முப்பது மீட்டர் தள்ளி நின்ற நான் முழங்கால் சேற்றில் ஓடி வந்து அவரைத் தள்ளிவிடுவதற்குள் அம்மாவின் மூக்கு, வாய் எல்லாம் சேறும் ரத்தமும். இரண்டு பல் அவள் கைக்குள் இருந்தது. ஐந்நூறு பேரில் ஒருவர்கூடக் கூடையைக் கீழே வைக்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் தாடைக்குள் இரண்டு தகடு, எட்டு திருகு வைத்தார்கள். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது அம்மா பேச முடியாமல் என்னைப் பார்த்து, உள்ளங்கையை வழுக்குவது போல் காட்டினாள். 'சேற்றில் வழுக்கி விழுந்தார்' என்று படிவத்தில் எழுதியது நான்.

அது பதினைந்து வருடத்துக்கு முன்னால்.

போன மாதம் மாமா தன் மகள் முருகலட்சுமியின் கையை உடைத்தார். புருஷன் வீட்டுக்குத் திரும்பப் போக மாட்டேன் என்று அவள் சொன்னதற்காக. உலக்கையால். அப்போது அம்மா அந்த வீட்டில் இருந்தாள்; பார்த்தாள். அந்தப் பெண் வீட்டைவிட்டு வந்து தோழி வீட்டில் தங்கினாள். புகார் கொடுக்க வேண்டும், ஆனால் அவளுக்காகச் சாட்சி சொல்ல ஊரில் ஆள் இல்லை. அம்மா தானே வருவதாகச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை ஒன்பதரைக்குத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் சந்தித்து ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. கண்மாயில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லப்போவதாக மீன் சாப்பிடும்போது சொன்னாள்.

வியாழன் மில்லில் ஷட்டவுன், மெஷின்களை நிறுத்திப் பழுது பார்க்கும் நாள். வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன், ஒரு நாள் பொறு என்றேன். அவள் கேட்கவில்லை. நானும் லீவு போடவில்லை.

மறுநாள் காலை நடந்ததை ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்த டீக்கடைக்காரர்தான் பிறகு எனக்குச் சொன்னார். எட்டே முக்காலுக்கு ஷேர் ஆட்டோவில் ஏறப்போனாளாம். மாமா பைக்கை ஆட்டோவுக்குக் குறுக்கே நிறுத்தினாராம்.

"எக்கா, ஏறாத. சொல்லிட்டேன்."

"அன்னைக்கு வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்ல. இந்தத் தடவ யாரும் வழுக்கி விழல தம்பி" என்றாளாம் அம்மா.

பைக்கில் செருகியிருந்த தண்ணீர்க் குழாய்த் துண்டை உருவினார். முதல் அடியைக் கையால் தடுத்தாள், மணிக்கட்டு போனது. இரண்டாவது காதுக்கு மேல். விழுந்தபின் இன்னும் மூன்று. ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர்கள் குதித்து ஓடினார்கள். அடித்து முடித்ததும் மாமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். திறந்து பார்த்தேன். பழைய தகடு இருந்த பக்கம் அப்படியே இருந்தது. மறுபக்கம் இல்லை.

அவளுடைய பை, செருப்பு, செல்போனை ஒரு கான்ஸ்டபிள் என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். போனில் ஒன்பது அழைப்புகள் எடுக்கப்படாமல் இருந்தன. எல்லாம் ஒரே எண். மணி பன்னிரண்டு நாற்பது. கையில் இருக்கும்போதே பத்தாவது வந்தது. எடுத்தேன்.

"அத்தை, எங்க வந்துக்கிட்டு இருக்கீக? நா பஸ் ஸ்டாண்டுலயேதான் நிக்கிறேன். ஸ்டேஷனுக்குள்ள தனியாப் போகப் பயமா இருக்கு."