பானைக்குள் போன வண்டு

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். குடுபல்லிப் பக்கம் எங்கள் சரளை நிலத்தில் எந்தப் பேச்சு வந்தாலும், எனக்குத் தெரியும் என்று முந்திக்கொள்வேன். அந்த வாயால் கெட்டது நானல்ல, என் அக்கா.

அத்தான் இறந்துபோன பிறகு அவளுக்கு மிஞ்சியவை ஏழு வெள்ளாடுகள். அவற்றை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்த ஆடுகளுக்காக, சாந்திபுரத்து விவசாயி ஒருவரிடம் வேலிமசால் என்கிற தீவனச் செடியின் விதையை வாங்கி வந்து விதைத்தேன். ஆடுகள் ஆசையாகத் தின்றன. ஆனால் மழையில்லாத இரண்டு கோடையில் செடிகள் வேரோடு காய்ந்துபோயின. கிணற்றோரம் ஒரு பாத்தி மட்டும் பிழைத்தது. அதை விதைக்கு விட்டால், மழை பெய்ததும் நிலம் முழுக்க மறுபடியும் விதைக்கலாம் என்றேன். முள் வெட்டி அடைத்தேன். ஆடுகள் முள்ளுக்கு வெளியே நின்று கத்தின.

பாத்தி வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஒரு காலை அக்கா கை நிறையப் பூவோடு வந்தாள். உள்ளங்கையில் எள்ளளவு வண்டுகள் ஊர்ந்தன.

"தம்பி, பூவெல்லாம் இதுங்க மேஞ்சிக்கினு கீதுடா. ஆட்டை உட்டுடட்டுமா? அதுங்களாவது துன்னும்."

"பூச்சி வந்தாதான்க்கா காய் புடிக்கும். தேனீ வர்ல? அது மாதிரிதான் இதுவும். உனுக்கு இன்னா தெரியும்?"

அவள் பூவைக் கீழே போட்டுவிட்டுப் போனாள். எனக்கு என்ன தெரியும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

காயும் பிடிக்கத்தான் செய்தது. பறித்து, உலர்த்தி, அடித்து, விதையில் சாம்பலும் வேப்பிலையும் கலந்து பானையில் போட்டோம். பானையின் வாயைச் சாணியால் மெழுகினோம். விதைக்கிற நாள் வரை விதைப்பானையைத் திறக்கக் கூடாது, திறந்தால் பூச்சி நுழையும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூச்சியோ பூவிலும் பிஞ்சிலும் முட்டையிட்டு, முன்பே விதைக்குள் குடியேறியிருந்தது. வெளியே காவல் போட்டுவிட்டுத் திருடனை உள்ளே வைத்துப் பூட்டிய புத்திசாலிகள் நாங்கள். இடையில் ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நான்தான் தொடாதே என்று அக்காவை அதட்டினேன்.

மழை வந்தது. நிலத்தை உழுதுவிட்டுப் பானையைத் திறந்தோம். சாம்பலுக்கு மேல் வண்டுகள் செத்துக் கிடந்தன. வேலிமசால் விதையின் தோல் கெட்டி, வெந்நீரில் நனைத்தால்தான் முளைக்கும். அக்கா அண்டாவில் வெந்நீர் வைத்து விதையைக் கொட்டினாள். நல்ல விதை அடியில் போகும். எல்லாமே மிதந்தன. அள்ளிப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் ஊசி குத்திய மாதிரி ஓட்டை. அவள் அண்டாவின் அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சாந்திபுரத்துக்காரரின் விதைக்கும் அதே கதிதான். வ்யவசாய ஆபீசில் "இப்புடு ஸ்டாக் லேது" என்று, இப்போது இருப்பில்லை என்று கைவிரித்தார்கள். மழையின் ஈரம் யாருக்காகக் காத்திருக்கும்? உழுத நிலம் காய்ந்து இறுகியது.

ஆடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அக்காவே வியாபாரியை வரச்சொன்னாள். டெம்போ வந்தது. நான் முளைக்குச்சியிலிருந்து கயிறுகளை அவிழ்த்தேன். ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. கடைசி ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கி அந்தப் பூவை உட்டிருந்தா, ஒரு வேளையாச்சும் வயிறு ரொம்பத் துன்னுருக்கும்டா."

பிறகு அவளே அதைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள்.