வெள்ளிக்கிழமைவரை பிரிக்காத கடிதம்

என் வீட்டுக்காரருக்கு அவர் படித்த கல்லூரி என்றால் உயிர். படித்த என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். இரண்டாம் வருஷத்தில் என் மாமனார் தவறிப்போக, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடற்படையில் தந்தி ஆபரேட்டராகச் சேர்ந்தவர். பட்டம் இல்லை, பட்டமளிப்பு அங்கி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் தாம்பரத்தில் மரங்களுக்கு நடுவே இருந்த அந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னால் போதும், மனுஷன் முகம் மலர்ந்துவிடும்.

அங்கே விடுதியை ஹால் என்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து உண்டு. அந்த வாரம் பழைய மாணவர்களிடமிருந்து வந்த கடிதங்களை அப்போதுதான் பிரிப்பார்கள். ஹாலுக்கு வரும் கடிதம் எல்லோருக்கும் சொந்தமாம். அதனால் எல்லோர் முன்னிலையிலும்தான் உறையைக் கிழிக்க வேண்டுமாம். செயலாளர் எழுந்து நின்று படிப்பார், பையன்கள் மேஜையைத் தட்டுவார்கள். என் வீட்டுக்காரரின் கடிதத்துக்குத்தான் தட்டல் அதிகம் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு எழுதும்போது நாலு பக்கம், ஐந்து பக்கம் போகும். எனக்கு ஒரு இன்லண்ட் லெட்டரில் பாதி. அதிலும் கடைசி இரண்டு வரி அவர் அம்மாவுக்கு, என் அத்தைக்கு. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. நாங்கள் தாம்பரத்தை அடுத்த சேலையூரைத் தாண்டி ஒரு புதுக் காலனியில் குடியிருந்தோம். நான், அத்தை, வயிற்றில் ஆறு மாசத்துப் பிள்ளை. விமானப்படைத் தளம் பக்கத்தில் இருந்ததால் ஜன்னல் கண்ணாடியில் பழுப்புத் தாள் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினோம். தெருவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, வீட்டுக்கு நம்பர் கிடையாது. தபால்காரர் மனசு வைத்தால் வருவார். சண்டைக்குச் சில வாரம் முன்பு, வேறு கப்பலுக்கு மாற்றுகிறார்கள், எந்தக் கப்பல் என்று எழுதக் கூடாது என்று மட்டும் அவர் எழுதியிருந்தார்.

பிறகு ஒருநாள் ரேடியோவில் நம் கப்பல் ஒன்று மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தது. பெயரும் சொன்னார்கள். அவருடைய பழைய கப்பல் அல்ல. அப்படியானால் புதுக் கப்பலா? தெரியாது. யாரைக் கேட்பது? தந்தி வந்தால் போய்விட்டார் என்று அர்த்தம். வராவிட்டால் இருக்கிறார் என்று அர்த்தமில்லை, தந்தி இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே அத்தை சுவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனேன். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வந்தால் சமையலறையில் அடுத்த வீட்டு இட்லி, எதிர் வீட்டு ரசம். கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எந்த வீட்டுக்கு அப்படிச் சாப்பாடு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா? நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனாலும் அந்தத் தூக்குச் சட்டியைத் தெருவில் தூக்கி எறியலாம் போல இருந்தது. அத்தை எதையும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார்கள். பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைப் புடவையை எடுத்து வெயிலில் போட்டார்கள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அதைக் கொடியிலிருந்து எடுத்து மறுபடியும் பெட்டிக்குள் திணித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், கல்லூரி வளாகத்திலேயே குடியிருப்பவர், சிரித்துக்கொண்டே எதிரில் வந்தார்.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரர் லெட்டர் பிரமாதம். வெள்ளிக்கிழமை டின்னர்ல படிச்சாங்க. கப்பல் சமையல்காரரைப் பத்தி எழுதியிருந்தார் பாருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சிடுச்சு."

எப்போது எழுதிய கடிதம் என்று கேட்டேன். கப்பல் மூழ்கிய பிறகு எழுதியதுதான் என்றார். மூழ்கியது தன் கப்பல் இல்லை, தான் சௌக்கியம் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாராம். எப்போது வந்தது என்று கேட்டேன். திங்கட்கிழமையே வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைதானே பிரிப்பார்கள் என்றார். பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். அதோடு விட்டாரா?

"கடைசியில உங்களுக்கு உடனே ஆள் அனுப்பிச் சொல்லச் சொல்லி எழுதியிருந்தார். கேட்டுட்டு எல்லாரும் கை தட்டினோம்மா."

"ஆள் அனுப்புனீங்களா சார்?"

அவர் முகம் அப்போதுதான் மாறியது. செயலாளர் போயிருப்பார் என்று தான் நினைத்ததாகச் சொன்னார். பிறகு, வார்டன் யாரையாவது அனுப்பியிருப்பார் என்றார். பிறகு, பையன்களில் யாராவது, என்று இழுத்தார். கூட வந்திருந்த மனைவி அவர் கையைப் பிடித்து, வாங்க போகலாம் என்றாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறாரே, அது போதாதா? போதவில்லை. சர்ச் வாசல் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"திங்கக்கிழமையிலேர்ந்து எங்க அத்தை பட்டினி சார். நடந்து வந்தா அரை மணி நேரம்கூட ஆகாதே."

வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் சொன்னேன். அழுவார்கள் என்று நினைத்தேன். "திங்கக்கிழமையேவா வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்கள். பிறகு ஒரு டம்ளர் கஞ்சி குடித்தார்கள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஹாலுக்குப் போனேன். பெண்கள் வராந்தாவைத் தாண்டி உள்ளே போகக் கூடாது என்றார்கள். வராந்தாவிலேயே நின்றேன். வார்டன் பண்பானவர். நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார், ரொம்ப வருத்தப்பட்டார். அது காலங்காலமாக இருக்கும் வழக்கம், யாருக்காகவும் மாற்றியதில்லை என்றார். கடல் அலை மோதும் கப்பலில் உட்கார்ந்து ஒருவர் நம்மை நினைத்து எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்றார். நம்மை என்றால் யாரை? அந்தக் கடிதத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன். கல்லூரி மலரில் அச்சாக வேண்டும், அச்சானதும் தருகிறோம் என்றார். காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். கடிதம் இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

பிப்ரவரியில் அவர் லீவில் வந்தார். வந்த அன்றே ஹாலிலிருந்து அழைப்பு. வெள்ளிக்கிழமை விருந்தில் யுத்த அனுபவம் பேச வேண்டும், மாலை போடுகிறார்கள். மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெள்ளைச் சீருடையைத் துவைத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து இஸ்திரி போடச் சொன்னார். நிறைமாசம் நெருங்கிக்கொண்டிருந்தது, நான் கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அதுவரை அடக்கிவைத்திருந்ததை எல்லாம் அங்கேயே கொட்டினேன். பெண்டாட்டிக்கு எழுதத் தோன்றவில்லையா, மேஜை தட்டுகிறவர்களுக்குத்தான் எழுதத் தோன்றியதா என்று கேட்டேன். என்னைக் கட்டிக்கொண்டதற்கு நீங்கள் அந்த ஹாலையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்றுகூடச் சொன்னேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பம்பாயில் கரையில் நின்றது கொஞ்ச நேரம்தானாம். மெட்ராஸுக்கு ரயில் ஏறப்போன ஒருவன் கையில் அங்கே தபாலில் போடச் சொல்லி ஒரே ஒரு கடிதம்தான் கொடுத்தனுப்ப முடிந்ததாம். கல்லூரிக்கு உள்ளேயே தபால் ஆபீஸ் இருக்கிறது, போட்ட மறுநாளே போய்விடும், நம் காலனிக்கு என்றைக்குப் போகும் என்று யோசித்துத்தான் அங்கே எழுதினாராம். இதை எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். யுத்த நேரம், ஹாலுக்குக் கடிதம் வந்தால் அன்றைக்கே பிரிப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். அந்த வழக்கம் தெரிந்தும் நம்பியிருக்கிறார்.

"அவ்வளவு பேர் இருக்காங்களே. ஒருத்தர்கூடவா வரல?"

"ஒருத்தர்கூட வரல."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. அந்தப் பாதியும் சேர்ந்து அந்த ஹால்மேல் ஏறிக்கொண்டது. இஸ்திரியை முடித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் போனார். போக மாட்டார் என்றுதான் கடைசிவரை நினைத்தேன். கையில் மாலையோடு திரும்பி வந்து, அதை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஏன் ஒருவர்கூட வரவில்லை என்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று கேட்டாரா, இல்லை சமையல்காரர் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தாரா, எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. அதையும் யாரும் வந்து எனக்குச் சொல்லவில்லை.