முன்சக்கரப் பூட்டு

மாரிமழைக் காலத்துக்கு எந்த ஜீப் வாங்கலாம் என்று ஆஸ்பத்திரி டொக்டர் என்னைக் கேட்டார். ஒன்றில் எப்போதும் நான்கு சக்கரங்களும் இழுக்கும். மற்றது எங்கள் பழைய ஜீப்பைப் போன்றது: இறங்கி, முன்சக்கரங்களின் பூட்டைக் கையால் முறுக்கினால்தான் அவையும் இழுக்கும். பெற்றோல் மிச்சம் என்று பூட்டாமலே ஓடுவது எங்கள் வழக்கம்.

போன மாரியில் ஸ்கந்தபுரத்திலிருந்து பிள்ளைப்பேற்று வலியோடு இருந்த மகேசை அதில்தான் ஏற்றி வந்தோம். மருத்துவிச்சியாக நான் பக்கத்தில் இருந்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது; ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் தப்பும். வயல் பாதையில் ஜீப் புதைந்தபோதுதான் சாரதிக்குப் பூட்டு நினைவுக்கு வந்தது. முன்சக்கரங்கள் பூட்டோடு சேற்றுக்குள் இருந்தன. மகேசின் கணவர் குப்புறப் படுத்துக் கையால் தோண்டினார்.

"ஏன் மிஸ்ஸி வண்டி நிக்குது?" என்றாள் மகேஸ்.

"இந்தா, வெளிக்கிடப் போகுது. என்ர கையைப் பிடியுங்கோ."

என் மற்றக் கை அவள் வயிற்றின்மேல் இருந்தது. பூட்டுகளை முறுக்கி வண்டி கிளம்புவதற்கு முன்பே உள்ளே அசைவு நின்றுவிட்டது.

கணவர் சேறும் தண்ணீருமாக ஏறினார். "இனிப் பயமில்லைத்தானே, மிஸ்ஸி?"

நான் ஓமென்று தலையை ஆட்டினேன். மிச்சம் பிடித்த பெற்றோல் தாங்கியில் குலுங்கிக்கொண்டு வந்தது.

"எப்பவும் நாலும் இழுத்தால் பெற்றோல் கூடக் குடிக்கும், தங்கச்சி," என்றார் டொக்டர்.

"குடிக்கட்டும், ஐயா," என்றேன்.