பின் இருக்கை இல்லாத கார்

சவரிமுத்து அண்ணனின் மனைவி மார்கரெட் அக்காவின் போன் வந்தபோது நான் திகாம் பத்து ஊர்ச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "அண்ணன் போயிட்டாருப்பா. சாப்பிட்டுட்டுப் படுத்தாரு, எழுந்திரிக்கல," என்றார். குரல் நிதானமாக இருந்தது. மண்சாலைக் கார்ப் பந்தயங்களில் அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து, குறிப்பேட்டைப் பார்த்து வளைவுகளை வாசித்துச் சொன்னவன் என்ற உரிமையில், அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு ராலி கார் உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் அது ஞாயிறு பூசைக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்த குடும்பக் கார். ஒரே மகள் ரோஸ்லினுக்கு ஒரு மழை நாளில் மூச்சு இழுத்துக்கொண்டபோது அதில்தான் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். தோட்டத்துச் சேற்றில் சக்கரம் சிக்கிக்கொண்டது. பின் இருக்கையில், அம்மா மடியிலேயே, குழந்தை போய்விட்டது.

காரை விற்கச் சொல்லாதவர்கள் இல்லை. அண்ணன் விற்கவில்லை. தான் வேலை பார்த்த பட்டறையிலேயே அதைப் பிரித்தார். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் குழாய்களால் பாதுகாப்புக் கூண்டு பற்றவைத்தார். உயரமான ஸ்பிரிங், அடியில் தகடு, சேற்றைக் கவ்வும் டயர். "எதுக்குண்ணே இவ்வளவு?" என்று கேட்டேன்.

"இந்தக் காடி இனிமே எந்தச் சேத்துலயும் நிக்கக்கூடாது லா," என்றார், காரைத் தட்டிக்கொடுத்து. ஜெயிப்பதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

சுங்கை லாலாங் செம்பனைத் தோட்டத்துப் பந்தயத்தில் எங்கள் முறை வந்தபோது, பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்பதற்காக எங்கள் ஹெல்மெட்டுக்குள் மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு. "இடது வளைவு, சேறு" என்று வாசித்து நிறுத்தினேன். காதுக்குள் ஓர் இருமல் கேட்டது. சின்னப் பிள்ளையின் இருமல்.

மறுபடியும் கேட்டது. இம்முறை என் முதுகுக்குப் பின்னால், மிக அருகில். திரும்பினேன். வெறும் குழாய்கள்.

"இதோ வந்துட்டோம்மா," என்றார் அண்ணன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். இருமல் நின்றது.

முடிவுக்கோட்டைத் தாண்டி நிறுத்தியதும், "உனக்கும் கேட்டுச்சா?" என்றார். தலையாட்டினேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சோன்னு நெனச்சேன் தம்பி. அக்காகிட்ட சொல்லிடாத. தாங்கமாட்டா."

அதன் பிறகும் அவரோடு போனேன். பயம் விடவில்லை. அவரைத் தனியாக அனுப்பவும் மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "மழை வந்தா அவரு அந்தக் காடியில போய் உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாரு. யாருகிட்டன்னு உனக்குத் தெரியும்தானே?"

அண்ணன் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். ஆனாலும் சொன்னேன்.

அக்கா அழவில்லை. "ரொம்ப இருமினாளா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அண்ணன் பேசினதும் நின்னுடும்."

வீட்டு வாசலில் நின்ற காரின் பக்கம் திரும்பினார். பிறகு, "இனிமே யாரு பேசுவா?" என்றார்.

மறுநாள் மதியம் மழை இறங்கியது. அக்கா வீட்டுக்குப் போனேன். காரின் கதவைச் சாத்திக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தேன். சவரிமுத்து அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அந்த இருமலுக்கான ஒரே பதில்தான். "இதோ வந்துட்டோம்மா," என்று சொல்லிவிட்டு வந்தேன்.