மருந்து வைத்தவள்

1986 ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

கிழமையில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மாதம் செவ்வாய்க்கிழமை மதியங்களில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் இருக்காது. விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். சங்கரன்கோவிலில் தறிச் சத்தத்தோடு வாழ்கிறவர்களுக்கு அது இருக்கும்போது கேட்காது, நின்றால்தான் காது அடைக்கும். அவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"தறி நிக்கலையே," என்றார்.

"கரண்ட்டு போயிட்டுல்லா," என்றேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். வெளியூரிலிருந்து வந்தவரிடம் விலாசம் விசாரிப்பதுபோல, மரியாதையாக. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

எங்கள் கல்யாணம் 1985 தையில் நடந்தது. நான் ராயகிரிக்காரி. அவர் நாலு தெரு தள்ளி ஒரு தறி செட்டில், விசைத்தறிக் கூடத்தில், வேலை பார்த்தார். வீட்டில் அவர், நான், அவருடைய அம்மா, மூன்றே பேர். பெரிய குறை எதுவும் கிடையாது. 1986 பங்குனியிலிருந்து அவர் சட்டையில் ஒரு புது வாடை இருந்தது. ஈரப்புல்லைக் கொளுத்தின மாதிரி. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியின் வாடை என்றார் அத்தை. தறி வேலை பார்க்கிறவர் சட்டையில் கஞ்சி வாடை அடிப்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? நானும் அப்படியே நினைத்துத் துவைத்துக் காயப்போட்டேன்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். ராயகிரியிலிருந்து சிவகிரி வழியாக வருகிற பஸ் ஒவ்வொன்றும் வந்து நின்றதும் இறங்குகிறவர்களின் முகத்தை ஒன்று விடாமல் பார்ப்பார். ஒருநாள் நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"யாரைத் தேடுதீக?"

"என் வீட்டுக்காரி. ராயகிரிக்குப் போயிருக்கா. இன்னைக்கு வந்துருவா."

"அவுக எப்படி இருப்பாக?"

என்னை ஒரு கணம் பார்த்தார். "உங்களை மாதிரிதான் இருப்பா," என்றார். "ஆனா நீங்க இல்ல."

பஸ் வந்தது. அவரோடு சேர்ந்து நானும் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். கடைசி ஆள் இறங்கி, கண்டக்டர் படியை விட்டு இறங்கும் வரைக்கும் பார்த்தேன். யாரை எதிர்பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வாரத்தில்தான் அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், யாரும் கேட்காமலே, "மருந்து குடுத்தாவம்மா. மருந்து குடுத்துட்டாவ," என்றார்.

அத்தை என் பக்கம் திரும்பிய விதம் எனக்கு மறக்காது. எங்கள் பக்கத்தில் மருந்து என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. ஒருவரைத் தன் வசமாக்க சோற்றிலோ பலகாரத்திலோ ரகசியமாகக் கலந்து கொடுப்பது அது. 'மருந்து வச்சிட்டா' என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வைக்கிறவள் பெரும்பாலும் பெண்டாட்டியாகத்தான் இருப்பாள். வந்து ஒன்றரை வருடமாகியும் பிள்ளை இல்லாத பெண்டாட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

"தனிக்குடித்தனம் போணும்னு சொன்னியாட்டி அவன்ட்ட?" என்று கேட்டார் அத்தை.

"நான் ஒண்ணும் சொல்லல அத்தை."

"சொல்லாம செஞ்சிருக்க."

அடுத்த வீட்டு அக்கா அன்றிலிருந்து குழம்பு கேட்டு வருவதை நிறுத்தினாள். தண்ணீர்க் குழாயடியில், "எனக்கும் ரெண்டு சொட்டு தாயேன், எங்க வீட்டு ஆளு பேச்சையே கேக்க மாட்டேங்கான்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். குழாயடியே சிரித்தது. என் குடத்தை மட்டும் யாரும் தூக்கிவிடவில்லை.

வாசுதேவநல்லூர்ப் பக்கம் மருந்து எடுக்கிற ஒருவர் இருந்தார். அவரிடம் போவதென்று அத்தை முடிவு செய்தார். போகும் முன் என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "வயித்துல ஒண்ணும் இல்லன்னா நீ இங்கன இரு. எடுத்துட்டாருன்னா அங்கயிருந்தே ராயகிரிக்குப் பஸ் ஏறிரு."

அந்த ஆள் என் கணவரைக் கிழக்கே பார்த்துப் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சினார். இரண்டு தடவை வெறும் எச்சில். மூன்றாவது தடவை வாழையிலையில் துப்பியது கறுப்பாக, நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. குச்சியால் பிரித்தார். உள்ளே முடி. சுருண்டு சுருண்டு நீளமாக வந்துகொண்டே இருந்தது. அத்தை அதன் நுனியைப் பிடித்துத் தூக்கி என் பின்னலோடு வைத்துப் பார்த்தார். நீளமும் நிறமும் ஒத்திருந்தன.

இந்த வித்தைகளைப் பற்றி நான் படித்திருந்தேன். கடைவாயில் முன்னமே ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்று நூலகப் புத்தகத்தில் வாசித்தது நினைவில் இருந்தது. இருந்தும் அந்த முடியைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. ஒருவேளை நான்தான் வைத்தேனோ? என் கணவர் தேடுகிற ராயகிரிக்காரி வேறு எங்கோ இருக்க, அவள் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்திதான் நானோ? அத்தையும் அந்த ஆளும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், என் கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் யார் என்று சொல்ல அங்கே வேறு ஆள் கிடையாது.

நான் பஸ் ஏறவில்லை. "அம்மன் சன்னதியில உக்கார வைப்போம். அதுக்கும் சரியாகலன்னா நானே போயிருதேன்," என்றேன். மருந்து எடுத்தும் மகன் பஸ் ஸ்டாண்டுக்குப் போவது நிற்காததால் அத்தை ஒத்துக்கொண்டார்.

கோமதி அம்மன் சன்னதிக்கு எதிரே சக்கரம் பதித்த பள்ளம் ஒன்று உண்டு. மனம் பேதலித்தவர்களை அதில் உட்கார வைப்பது வழக்கம். ஆடி பிறந்து அம்மனின் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் அதில் உட்கார்ந்து தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுந்ததும் என் கணவர் உட்கார்ந்தார். நான் கோயிலில் தருகிற புற்றுமண்ணைக் குழைத்து அவர் நெற்றியில் இட்டேன். அத்தை தூணோரம் கண்ணை மூடி நின்றார்.

"எக்கா," என்றார் அவர். என்னைத்தான். என்னைவிட ஐந்து வயது மூத்த என் கணவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். "உங்கட்ட ஒண்ணு சொல்லுதேன். என் வீட்டுக்காரிட்ட சொல்லிறாதீக. வருத்தப்படுவா."

"சொல்லுங்க தம்பி," என்றேன். என் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அவ மருந்து ஒண்ணும் வைக்கல. நான் இழுத்தேன்."

வைக்கிறது ஒரு மருந்து. இழுக்கிறது வேறு மருந்து. அந்த ஒரு வினைச்சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. சட்டையில் அடித்த வாடை கூட.

"எதுல வச்சு இழுத்தீக?"

"பீடித் தூளைத் தட்டிட்டு, இதை வச்சு. செட்டுக்குப் பின்னால. இடுப்பு வலிக்கு மருந்துன்னு சொல்லித்தான் குடுத்தாவ. மொதல்ல நல்லா இருந்துச்சு. அப்புறம் தினமும் வேணும்னு ஆயிட்டு. அப்புறம் தறி பேச ஆரம்பிச்சுட்டு."

"என்ன பேசும்?"

"என் பேரைத்தான். கட கடன்னு என் பேரு. நிக்கவே மாட்டேங்குது எக்கா."

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை கண்ணைத் திறந்திருந்தார். எல்லாம் கேட்டிருந்தார். இனி எனக்கு விடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் கிட்டே வந்து என் கையைப் பிடித்தார்.

"சத்தம் காட்டாதட்டி. கஞ்சாவுக்குப் புதுச் சட்டமாம். பத்து வருசம் உள்ள போட்டுருவானாம்."

கஞ்சா அதற்கு முன்பும் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டதுதான். ஆனால் 1985 நவம்பரில் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டம் தண்டனையை வருடக்கணக்கில் ஏற்றியிருந்தது. வைத்திருப்பவனுக்கு ஒன்று, விற்பவனுக்கு ஒன்று, சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருந்தால் இன்னொன்று என்று அதில் வித்தியாசங்கள் உண்டு. பூவையும் காயையும் கஞ்சா என்று சொல்லி, தனி இலையை அது விட்டிருப்பதையும் பிற்பாடு படித்தேன். தெருவுக்கு அந்த வித்தியாசங்கள் வந்து சேரவில்லை. பத்து வருடம் என்பது மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

"அப்ப என் பேரு?" என்று கேட்டேன்.

"மருந்து வச்சதுக்குப் போலீசு வராதுல்லா மக்கா," என்றார் அத்தை. என்னை மக்கா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீ வச்சதாவே இருக்கட்டும். அவன் பொழச்சுக்கிடுவான்."

பள்ளத்தில் உட்கார்ந்து என் கணவர் எங்கள் இருவரையும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எழுந்திருக்கச் சொன்னார்கள்.

"சரி. வச்சவளாவே இருக்கேன்," என்றேன். "ஆனா ராயகிரிக்குப் போக மாட்டேன். நாளைக்கு இவுகளைப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும். அங்க உள்ளதைச் சொல்லணும்."

அத்தை அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மருந்து ஏதும் சாப்பிட்டாரா?" என்பதுதான். அத்தை என்னைப் பார்த்தார். நான் கஞ்சா என்ற வார்த்தையை முழுதாகச் சொன்னேன். என் குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நல்ல வேளை, சொன்னீங்க. போலீசுக்கு எழுதிப் போடுறது என் வேலை இல்லம்மா," என்றார். அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் விளக்கியது எனக்குப் புதிது. எல்லோருக்கும் இப்படி ஆகாது, சிலருக்கு ஆகும். இளவயதிலும், குடும்பத்தில் மனநோய் இருந்தாலும், தினமும் இழுத்தாலும் ஆபத்து கூடும். இல்லாத குரல் கேட்கும், தெரிந்த முகம் அந்நியமாகும். நிறுத்தி மாத்திரை சாப்பிட்டால் பலருக்குத் தெளிந்துவிடும், சிலருக்கு நீண்ட வியாதியாக நின்றுவிடும், எது என்று இப்போதே சொல்ல முடியாது. மறுபடி தொட்டால் மறுபடி வரும். தானாக வைத்தியத்துக்கு வருகிறவனை வழக்கிலிருந்து விடுவிக்கும் பிரிவு 1989இல்தான் அந்தக் கஞ்சாச் சட்டத்தில் சேர்ந்தது என்று பிற்பாடு படித்தேன். எங்களுக்கு அது மூன்று வருடம் பிந்தி வந்தது.

புரட்டாசியில் தறி பேசுவது நின்றது. கார்த்திகையில் ஒரு காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரே நின்றார். முகத்தில் எதிர்பாராத சந்தோஷம்.

"எப்ப வந்த?" என்றார்.

"இப்பந்தான்," என்றேன்.

"பஸ்ஸுல கூட்டமா?"

"உக்கார இடம் கிடைச்சுது."

அதன்பின் அவர் அந்தச் செட்டுக்குப் போகவில்லை, கஞ்சாவைத் தொடவும் இல்லை. அத்தை சன்னதியில் ஒத்துக்கொண்டதைக் காப்பாற்றினார். கடைசி வரை என்னை அந்த வீட்டில் வைத்திருந்தார். கடைசி வரை தெருவில் உண்மையைச் சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை. 1987 பொங்கலுக்கு நான் கொடுத்தனுப்பிய பொங்கலை அடுத்த வீட்டு அக்கா வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் குப்பைத்தொட்டி ஓரத்தில் அதைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

என் கணவருக்கு அந்த மாதங்கள் பெரும்பாலும் நினைவில்லை. தபசுக் கூட்டத்தில் போகும்போது மட்டும் சில வருடங்கள் ஒரு கேள்வி கேட்பார். "கோயில்ல எனக்கு மண்ணு பூசுனாவளே ஒரு அக்கா, அவுக எந்த ஊருன்னு தெரியுமா?"

"தெரியலையே. எதுக்கு?"

"நல்ல பொம்பளை. எல்லாத்தையும் அவுகட்டச் சொன்னேன்." கூட்டத்தில் வருகிற முகங்களை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே சொல்வார். "உன்கிட்டச் சொல்லுததுக்குத்தான் தைரியம் வரல."

"இப்பச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, விடு," என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். கண் மட்டும் கூட்டத்திலேயே இருக்கும்.